300 பிட்காயின் நகர்ந்தும் விலை அசையாதது ஏன்?

அது முழுக்க விற்பனை என்று எடுத்துக்கொள்ள முடியாது, பெரும்பகுதி அநேகமாக மீதிச் சில்லறை. அந்த 300 பிட்காயின் பரிவர்த்தனையில் 12 ஒரு முகவரிக்கும், 287.99 சொச்சம் இன்னொன்றுக்கும் போயிருக்கிறது. பிட்காயினில் முன்பு வந்த ஒரு தொகையை, ஒரே நோட்டு மாதிரி, முழுதாகத்தான் செலவழிக்க முடியும். மிச்சம் அனுப்பியவருக்கே, பெரும்பாலும் புது முகவரியில், திரும்பிவிடும்.

எது மீதி என்று பார்க்க, அனுப்பிய முகவரியின் வகையைக் காட்டும் தொடக்கத்தோடு (1, 3, bc1q மாதிரி) ஒத்துப்போவது எது என்று கவனியுங்கள். 12 மாதிரி முழு எண் என்றால் அநேகமாக அதுதான் கொடுத்த பணம். உறுதி கிடையாது, ஊகம்தான்.

அப்புறம், எக்ஸ்சேஞ்சுக்குள், அதாவது பிட்காயின் வாங்கி விற்கும் சந்தை நிறுவனத்துக்குள், நடக்கும் வாங்கல் விற்றல் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் பொதுவாக ஏறாது. நம்ம காரைக்குடி வட்டிக்கடைப் பேரேடு மாதிரி உள்ளேயே பற்று வரவு எழுதி முடித்துவிடுவார்கள். விலை அசைவது பெரும்பாலும் அங்கேதான்.