"எங்க வீட்டு முன்னாடி மரம் வேண்டாம்" என்பவர்களிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: சென்னைப் புறநகரில் 60 வீடுகள் உள்ள தெரு எங்களுடையது. குடியிருப்போர் சங்கம் சார்பில் மரம் நட வீடு வீடாகப் போனோம். கன்றும் கூண்டும் இலவசம் என்று சொல்லியும் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதிக்க வைப்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று முதலில் உட்கார்ந்து கேளுங்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இதே சிக்கல் வந்தது. 2011 முதல் 2014 வரை ஒரு தொண்டு அமைப்பு வீடுகளுக்கு முன்னால் இலவசமாக மரம் நட முன்வந்தது. சுமார் 7,500 வீட்டாரில் 1,800 பேர், ஏறக்குறைய நான்கில் ஒருவர், மறுத்துவிட்டார்கள். கிறிஸ்டின் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் அவர்களிடம் போய்ப் பேசினார். மரத்தின் அருமை அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் மாநகராட்சி கவனிக்காமல் விட்ட பழைய மரங்களையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். இதன் பராமரிப்பும் நம் தலையில்தான் விழும் என்று நினைத்தார்கள். எந்த மரம் வேண்டும் என்று அவர்களை யாரும் சரியாகக் கேட்கவும் இல்லை.

டெட்ராய்ட்காரர்களுக்கு அந்தப் பழைய மரங்கள் என்றால், உங்கள் தெருக்காரர்களுக்கு வார்தா புயல் நினைவில் இருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று கார் மேலும் மின்கம்பி மேலும் மரம் சாய்ந்ததைப் பார்த்தவருக்கு நிழலைப் பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை. அடிமரம் வரை சிமென்ட் பூசி, வடிகாலுக்காக வேரையும் வெட்டினால் எந்த மரமும் பிடிமானம் இழக்கும். ஆகவே மரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண்ணாகவே விடுவோம் என்று உறுதி கொடுங்கள். மின்கம்பிக்குக் கீழே என்றால் மந்தாரை, பவழமல்லி போன்ற சிறிய மரங்களே போதும். கம்பி இல்லாத பக்கம் வேம்பு, புங்கம், பூவரசு வைக்கலாம். அரசும் ஆலும் வீட்டுச் சுவர் பக்கமே வேண்டாம்.

அதிகம் பேசப்படாத தடை குப்பைதான். சங்கக் கூட்டத்துக்கு வந்து தலையாட்டுபவர் ஒருவர். விடியற்காலையில் வாசல் பெருக்கிக் கோலம் போடுபவர் பெரும்பாலும் வேறொருவர். கோடை தொடங்கும்போது புங்கம் இலை உதிர்க்கும், பிறகு பூவாகக் கொட்டும். பார்க்க அழகுதான். முதுகு வலியோடு தினமும் இரண்டு முறை கூட்டி அள்ளும் அம்மாவுக்கு அது கூடுதல் வேலை. அவரைக் கேட்காமல் வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை என்பேன். தெருமுனையில் கம்பிவலையை வளைத்து ஒரு இலைத்தொட்டி அமைத்து, வாரம் ஒரு நாள் சங்கமே இலையைச் சேகரித்துப் போடட்டும். மக்கிய உரத்தை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைச் செய்துகாட்டிவிட்டு மறுபடி அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வாடகை வீடுகளில் இன்னொரு முடிச்சு. 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் ஆசைப்பட்டாலும் வேர் புகுந்து தண்ணீர்த் தொட்டியும் குழாயும் என்னாகுமோ என்று வீட்டுக்காரர் பயப்படுவார். தூரத்தில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போனில் நீங்களே பேசுங்கள், குடியிருப்பவரைத் தூது விடாதீர்கள்.

"ஒருமுறை நட்டால் கிளையைக்கூடத் தொட முடியாதாமே?" என்றும் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை என்பதைச் சொல்லிவிடுங்கள். கிளை கம்பியில் உரசினால் மனு எழுதி அலுவலகத்துக்கு நடப்பது சங்கத்தின் பொறுப்பு, அந்த வீட்டாருடையது அல்ல என்று எழுத்தில் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மனம் ஒப்பாத வீட்டு வாசலில் வைத்த கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. விரும்பிக் கேட்ட வீடுகளில் மட்டும் நடுங்கள். எந்த மரம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

நடுவதற்கு அவசரப்பட வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் குழி எடுத்து நட்டால் வடகிழக்குப் பருவமழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன் ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள்: முதல் மூன்று கோடைகளுக்கு எந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார், மே மாதம் அவர் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் யார் ஊற்றுவார் என்று.