வெறும் கொள்கைதானா பரிணாமம்?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, ‘பரிணாமம் வெறும் தியரிதானே பாட்டி?’ என்கிறாள். இதற்காக அங்கே ஒரு பள்ளி மேல் வழக்கே நடந்ததாமே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆமாம் அம்மா, டோவர் என்ற சிற்றூரில். 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி வாரியம் ஒரு தீர்மானம் போட்டது. பிறகு ஒன்பதாம் வகுப்பில் வாசிக்க ஓர் அறிக்கையும் வந்தது: டார்வின் சொன்னது தியரி, உண்மை அல்ல; ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று, அதாவது அறிவுள்ள ஒரு சக்தி திட்டமிட்டே உயிர்களை உருவாக்கியது என்று, வேறொரு விளக்கமும் உண்டு, அதற்கான புத்தகம் பள்ளியில் இருக்கிறது.

முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். இந்த வழக்கில் அந்த ஊர் ஆசிரியர்களைத்தான் முதலில் கும்பிடுவேன். வாசிக்க மாட்டோம், தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொன்னதாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2005 ஜனவரியில் அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் மேலிடத்துக்கு அப்படி எழுதித் தருவது லேசான காரியமா?

அதற்குள் 11 பெற்றோர் நீதிமன்றம் போயிருந்தார்கள். பரிணாமம் நடத்தினால், கடவுள் படைத்தார் என்பதை அறிவியலாகச் சொல்லும் ‘படைப்பு அறிவியலும்’ நடத்தவேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை, அரசுப் பள்ளியில் மதத்தைப் புகுத்துவது என்று 1987-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றிருந்தது. டோவர் புத்தகத்தின் பழைய வரைவுகளை வரவழைத்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பை ஒட்டி ‘படைப்பு’ இருந்த இடங்களில் ‘வடிவமைப்பு’ ஏறியிருந்தது. ஓரிடத்தில் ‘படைப்புவாதிகள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் வால் எழுத்துகளும் அழியாமல் நிற்க, நடுவில் புதுச்சொல் செருகியிருந்தது! 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது அறிவியல் அல்ல என்று 139 பக்கத்தில் தீர்ப்பெழுதினார்.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். நம் பாடநூலில் ‘பரிணாமக் கொள்கை’ என்றுதான் இருந்தது. ‘கொள்கைன்னா அவங்கவங்க நம்பிக்கைதானே சார்?’ என்று ஒரு பையன் கேட்டான். தேர்தல் சமயம், தெருவெல்லாம் கொள்கை முழக்கம். அவன் மேல் தப்பில்லை. அறிவியலில் தியரி என்றால், கிடைத்த சான்றுகளையெல்லாம் சேர்த்துக் கட்டி, மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்த விளக்கம். உடம்பு செல்களால் ஆனது என்பதும் தியரிதான்.

மறுநாள் வீட்டில் குழம்பு வைத்த கோழியின் இறக்கை எலும்புகளைக் கழுவி எடுத்துப்போய் மேஜையில் பரப்பினேன். தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, அதற்குக் கீழே இரண்டு. அந்தப் பையன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையை அமுக்கி அமுக்கி எண்ணிப் பார்த்தான். அங்கேயும் அதே ஒன்று, இரண்டு! கோழிக்கும் நமக்கும் மூதாதை ஒன்றே என்பதற்கு இப்படிப்பட்டவைதான் சான்று. பேத்தி அடுத்த முறை ஊருக்கு வரும்போது கோழி எடுங்கள் அம்மா, இறக்கையை அவள் தட்டில் வையுங்கள்.