ஒரே பிரதி, இரண்டு பேர்

அன்புள்ள அண்ணாச்சி,

மார்த்தாண்டத்தில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் ‘புத்தம் வீடு’ கேட்டு வந்தார். ஒரே பிரதிதான் இருந்தது. பில் போடுவதற்குள் ஒரு அக்கா வந்து அதே புத்தகத்தைக் கேட்டார். பேச்சுக் கொடுத்ததில், அவருடைய அம்மாவும் பெரியவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் என்று தெரிந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. முன்பும் இப்படி நடந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஏதாவது அர்த்தம் உண்டா?

ஆ.

அன்புள்ள தம்பி,

முதலில் கொஞ்சம் கணக்கு. 23 பேர் கூடியிருக்கும் இடத்தில் யாராவது இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. நம்பச் சிரமம்தான். ஆனால் அந்த 23 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பார்த்தால் 253 ஜோடி வரும். உங்கள் கடையிலும் இந்தப் புத்தகம்தான், இந்த இருவர்தான் என்று யாரும் முன்கூட்டிக் குறித்து வைக்கவில்லையே. எந்த இருவருக்கு எது பொருந்தியிருந்தாலும் உங்களுக்குப் புல்லரித்திருக்கும். பொருந்தாமல் போன நாட்களைப் பற்றி யார் கடிதம் எழுதுகிறார்கள்?

அப்புறம், கேட்ட புத்தகத்தையும் பாருங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் அந்த நாவல் 1964-இல் வந்தது. பனையேறிகள் வாழ்ந்த நம்ம ஊர்க் கிராமத்தின் கதை. மார்த்தாண்டத்தில் அதைத் தேடி வருகிறவர் பனையும் சர்ச்சும் பள்ளிக்கூடமும் பார்த்து வளர்ந்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மாவட்டமோ சின்னது. விளவங்கோட்டுப் பக்கம் இரண்டு வாத்தியார் குடும்பங்களைக் கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்காரவைத்தால், சாம்பார் வருவதற்குள் சொந்தமோ பழக்கமோ வெளியே வந்துவிடும்.

இதெல்லாம் சரி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘பேச்சுக் கொடுத்ததில்’ என்ற இடம். வேறொருவர் என்றால் “ஸ்டாக் இல்லை” என்று சொல்லி அடுத்த பில்லுக்குப் போயிருப்பார். ஒருவர் குலசேகரம் பஸ்ஸிலும் இன்னொருவர் களியக்காவிளை பஸ்ஸிலும் ஏறிப் போயிருப்பார்கள். அப்போதும் அவர்களுக்கு நடுவில் அந்தப் பள்ளிக்கூடத் தொடர்பு இருந்திருக்கும்தான். ஆனால் அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தால் பக்கத்தில் நிற்கவே வழியில்லை. அர்த்தம் என்று ஒன்றைத் தேடினால், நான் உங்கள் வாயாடித்தனத்தைத்தான் சொல்வேன். முதலாளி திட்டினாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

அதிருக்கட்டும், முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! அந்த ஒரு பிரதி கடைசியில் யாருக்குப் போனது? பெரியவர் விட்டுக்கொடுத்தாரா?