அடுப்படிக் கேள்விகள்: விருந்தாளி வரும் வாரத்துக்கு ஒரு கடலைமாவு டப்பா

இங்கே பர்மாவில் தடின்ஜுட் என்ற பௌத்த விளக்குத் திருவிழாவும் தீபாவளியும் அடுத்தடுத்து வருகிற காலம் என்பதால், இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விருந்தாளிகளைப் பற்றித்தான். படித்துக்கொண்டே போனபோது, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பதில் நம் வீட்டில் பஜ்ஜிக்கு என்று வைத்திருக்கும் கடலைமாவு டப்பாவில்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர்கள் பதினைந்து பேர் சாப்பிட வருகிறார்கள். பாதிப் பேர் பர்மாக்காரர்கள், மூன்று பேர் சைவம். எங்களிடம் ஒரு கேஸ் அடுப்பும் ஒரு கரி அடுப்பும்தான். பிரியாணி செய்யப் பயமாக இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?
— பெகு வாசகி

பிரியாணியை விடுங்கள் தங்கச்சி. தம் போட்டுவிட்டு அது குழைந்ததா வெந்ததா என்று பதறிக்கொண்டே வந்தவர்களிடம் சிரித்துப் பேச முடியாது. ஒன்னோ கவ்ஸ்வே, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் செய்யுங்கள். தேங்காய்ப்பால் குழம்பைக் காலையிலேயே முக்கால்வாசி முடித்துவிடலாம், நூடுல்ஸை மட்டும் ஆட்கள் வந்தபிறகு வேக வைத்தால் போதும். பர்மாக்காரர்களுக்கும் பிடிக்கும், நம் ஆட்களுக்கும் பிடிக்கும்.

பதினைந்து பேருக்குக் கோழி ஒரு வீசை (இங்கத்து வீசை சுமார் 1.63 கிலோ, தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் இருந்த வீசையை விடக் கனம்), காய்ந்த நூடுல்ஸ் ஒரு வீசை, வெங்காயம் அரை வீசை, தேங்காய் மூன்று, கடலைமாவு ஒன்றரை டம்ளர். தேங்காயில் கெட்டிப் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் சேர்த்துப் பிழிந்துகொள்ளுங்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டை அரைத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை வதக்க வேண்டும். இந்த வேலையில் மட்டும் அவசரம் கூடாது, இருபது நிமிஷம் ஆனாலும் ஆகட்டும், வெங்காயத்தின் பச்சை வாசனை தங்கிவிட்டால் மேலே எத்தனை தேங்காய்ப்பால் ஊற்றினாலும் போகாது. அப்புறம் தண்ணிப் பாலை ஊற்றி, கடலைமாவுக் கரைசலைச் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள்.

சைவக்காரர்களுக்கு இந்த இடத்திலேயே நான்கு கிண்ணம் குழம்பைத் தனிச் சட்டியில் எடுத்து, காளானும் பொரித்த தோஹுவும் (கடலைமாவைக் கிளறிக் கட்டியாக்கிய துண்டுகள்) போட்டு மூடி வையுங்கள். கோழியை வேறு அடுப்பில் மஞ்சள், உப்புப் போட்டு வேக வைத்து, சதையைப் பிய்த்து, வெந்த தண்ணியோடு சேர்த்து பெரிய சட்டியில் கொட்ட வேண்டியதுதான். மீன் சாஸும் பெரிய சட்டிக்கு மட்டும்தான். முட்டை நூடுல்ஸ் வாங்கினால் அந்த மூன்று பேருக்கு அரிசி நூடுல்ஸ் தனியாக வைக்க மறந்துவிடாதீர்கள். கெட்டிப் பாலைக் காலையில் ஊற்ற வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும். பரிமாறும் முன் சூடு பண்ணும்போது ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். என் மகள் காதுகுத்து அன்றைக்கு அவசரத்தில் மாவை அப்படியே கொதிக்கிற குழம்பில் தூவிவிட்டேன். கோலிக்குண்டு மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்டு, வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக நின்றது. மொத்தக் குழம்பையும் வடித்து எடுப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. வந்த பெரியவர்களைப் பசியோடு உட்கார வைத்தது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

மேசையில் அவித்த முட்டை, தண்ணீரில் அலசிய வெங்காயம், எலுமிச்சை, கொத்தமல்லி, எண்ணெயில் வறுத்த மிளகாய்த்தூள், பொரித்த நூடுல்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு புளிப்பு, காரம் வேண்டுமோ அவரவர் போட்டுக்கொள்வார்கள்.

கடலைமாவு தோஹு எனக்குக் கட்டியாகவே வருவதில்லை. வெட்டினால் களி மாதிரி கத்தியில் ஒட்டுகிறது. என்ன தப்பு?
— தின்கான்ஜுன் வாசகர்

தண்ணீர் கூடியிருக்கும், இல்லை என்றால் சீக்கிரம் இறக்கியிருப்பீர்கள். ஒரு டம்ளர் மாவுக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். ஒரு டம்ளரில் மாவைக் கரைத்து அரைமணி நேரம் ஊற வையுங்கள். மீதி இரண்டு டம்ளரை உப்பு, மஞ்சளோடு கொதிக்க வைத்து, கரைசலை மெல்ல ஊற்றி மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். நான்கு நிமிஷத்தில் கெட்டியாகிவிட்டதே என்று நினைப்பீர்கள், அங்கேதான் எல்லோரும் இறக்கிவிடுகிறார்கள். இன்னும் ஐந்தாறு நிமிஷம் கிளறினால் நிறம் மாறி, மேலே பளபளப்பு வந்து, சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பாருங்கள். ஆறியதும் விரலில் ஒட்டாமல் தோல் மாதிரி உரிந்து வந்தால் பதம் சரி. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, சூடாக இருக்கும்போது மூடாமல் வையுங்கள், மூடினால் ஆவி நீராக இறங்கி மேல்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடும். மூன்று மணி நேரம் தொடாதீர்கள்.

கட்டியானதை நீளமாக அரிந்து புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், வறுத்த வேர்க்கடலை போட்டுப் பிசைந்தால் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்துவிடும். மீந்ததை மறுநாள் பொரிக்கலாம். குழந்தைகள் இருந்தால் ஒரு கரண்டியைக் கட்டியாக விடாமல் சூடாகவே அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள், ஷான் மாநிலத்துக்காரர்கள் தோஹு நுவே என்று காலையில் சாப்பிடுவது அதுதான்.

சென்னையில் இருந்து என் நாத்தனார் வந்திருக்கிறார். அங்கே பர்மா பஜார் பக்கம் விற்கும் 'அத்தோ' இங்கே கிடைக்குமா என்று கேட்கிறார். நமக்குத் தெரியாத பலகாரமா அது?
— மோல்மீன் வாசகி

நமக்குத் தெரிந்ததுதான். பர்மியப் பேச்சில் கையால் பிசைந்து வைக்கும் எதற்கும் அத்தோ(க்) என்றுதான் பெயர். 1960களில் இங்கிருந்து கப்பலேறிப் போன நம் சனங்கள் அங்கே பிழைப்புக்கு நூடுல்ஸ் பிசைந்து விற்றார்கள், பொதுப்பெயரே அந்த ஒரு பண்டத்தின் பெயராக நின்றுவிட்டது. கூடவே வாழைத்தண்டு சூப் ஒன்று கொடுப்பார்களே, அது நம் மொஹிங்காவின் (மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) வழி வந்தது. ஊரைவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் நாக்கில் இருந்ததைக் கொண்டுபோய் அடுப்பேற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

உங்கள் நாத்தனாருக்கு வீட்டிலேயே செய்து கொடுங்கள். வெந்த நூடுல்ஸ், மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயமும் அது பொரிந்த எண்ணெயும், கெட்டிப் புளிக்கரைசல், மிளகாய்த்தூள், உப்பு. இதோடு இரண்டு கரண்டி கடலைமாவு சேர்த்தால்தான் எண்ணெயும் புளியும் நூடுல்ஸில் பிடிக்கும். பச்சை மாவைப் போடக் கூடாது, வாசனை வரும். வறுக்க நேரம் இல்லை என்றால் பொட்டுக்கடலையைப் பொடித்துப் போட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே வறுத்ததுதானே. கையால்தான் பிசைய வேண்டும், கரண்டி போட்டால் நூடுல்ஸ் உடையும்.

சமோசா நிறைய மீந்துவிட்டது. மறுநாள் நமத்துப்போனதை யாரும் தொடுவதில்லை.
— சன்லியின் வாசகி

கத்திரியால் நறுக்கி, முட்டைக்கோஸ், வெங்காயம், புதினா போட்டு, கொஞ்சம் கடலைப்பருப்பை நீர்க்க வேக வைத்துச் சூடாக மேலே ஊற்றி எலுமிச்சை பிழியுங்கள். டீக்கடை சமோசாத்தோ வீட்டிலேயே ஆயிற்று.

தினமும் வேலை விட்டு வர ஏழு மணி ஆகிறது. கரண்டும் இருப்பதில்லை. பதினைந்து நிமிஷத்தில் சோற்றுக்கு ஏதாவது சொல்லுங்கள் அக்கா.
— யாங்கோன் வாசகி

புளிச்சகீரை. இங்கே சின்பவுங் என்று எந்தச் சந்தையிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். காலையிலேயே இலையை ஆய்ந்து வைத்துவிட்டால் மாலையில் வெங்காயம், பூண்டு, மஞ்சள், ஒரு கை காய்ந்த இறால் வதக்கி, இலையைப் போட்டதும் அதுவே தண்ணி விட்டுக் குழைந்துவிடும். பச்சை மிளகாயை நீளமாகக் கீறி நான்கைந்து போடுங்கள், உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், இறாலிலேயே உப்பு இருக்கும். புளிப்பு உள்ளதால் அலுமினியச் சட்டி வேண்டாம். மீந்தால் மறுநாள் காலை சுடுசோற்றில் பிசைந்து டப்பாவில் எடுத்துப் போகலாம், முதல் நாளை விட அப்போதுதான் ருசி கூடியிருக்கும்.