பித்தளை வில்லை சுத்தி பச்சை வர்றது பூஞ்சை இல்ல

லெதர் பையில பித்தளை வில்லைய (அலங்காரத் தகடு) சுத்தி பச்சையா வருது, பூஞ்சையா, வெயில்ல காய வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. அது பூஞ்சை இல்லங்க, பித்தளையில இருக்கற செம்பு லெதர்ல ஊறின எண்ணெயோட சேர்ந்து வர்ற பச்சை. வெயில்ல காய வெச்சா போகாது, லெதர்தான் வெறச்சுப் போகும்.

10-ஆம் நூற்றாண்டு ஹங்கேரி மாடல் பெல்ட் பை, மூடி முழுக்க பித்தளை வில்லை, கடைசியா நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக் கால் எலும்புலேர்ந்து எடுக்கற லெதர் எண்ணெய்) ரெண்டு கோட் விட்டேன்னு சொல்றீங்க, என் சந்தேகம் அந்த ஆயில் மேலதான். அது வில்லைக்கு அடியில போய் தேங்கி, அதுல இருக்கற கொழுப்பு அமிலம் செம்பை அரிக்குது, ரிவெட் ஓட்டை ஓரத்துலதான் முதல்ல எட்டிப் பாக்கும்.

பல்குச்சியால சுரண்டிப் பாருங்க. மெழுகாட்டம் பிசுபிசுன்னு வந்தா இதேதான். பொடியா உதிர்ந்து, வில்லையே இல்லாத இடத்துலயும் இருந்தா பூஞ்சை.

1. மரக்குச்சியால வழிச்சு, காஞ்ச துணியால துடைங்க. குத்துவிளக்கு தேய்க்கற நெனப்புல புளி, எலுமிச்சைன்னு இறங்கிடாதீங்க, லெதர் கெட்டுரும்.
2. வில்லைய கழட்ட முடிஞ்சா பின்பக்கம் மைக்ரோகிரிஸ்டலைன் வேக்ஸ் (உலோகத்துக்குக் காப்பா பூசற மெழுகு) தேச்சு மாட்டுங்க. இனிமே ஆயில் ரொம்பக் கம்மியா, வில்லை பக்கமே போகாம.

வெள்ளி வில்லைக்கு மாத்தலாமான்னும் கேட்டிருந்தீங்க. அந்தக் காலத்து ஒரிஜினல் பைகள்ல தங்கப்பூச்சு போட்ட வெள்ளி நிறையவே உண்டு, ஆனா வெள்ளியிலயும் செம்பு கலப்பாங்க, அதனால பச்சை கம்மியாகுமே தவிர சுத்தமா நிக்காது.

ஒண்ணு மட்டும், வில்லை மேல கில்ட் (தங்கப்) பூச்சு இருந்தா சுரண்டவே வேண்டாம், பூச்சும் சேர்ந்து வந்துரும். அப்படின்னா ஓரத்துல லெதர் பக்கம் மட்டும் துடைச்சு விட்டுருங்க.