ரெஸ்ட்ரிக்டட் பைவேயில் மெதுவாக ஓட்டினால் பரவாயில்லையா?

கேள்வி: இங்கிலாந்தின் தெற்கே ஒரு கிராமத்துப் பக்கம் வசிக்கிறேன், போன மாதம் பழைய சுஸூகி ஜிம்னி ஒன்று வாங்கினேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு மண்பாதை, வாயிலில் ஊதா அம்புக்குறியோடு 'ரெஸ்ட்ரிக்டட் பைவே' என்று பலகை. கட்டுப்பாட்டோடு, அதாவது மெதுவாக, ஓட்டலாம் என்றுதானே அர்த்தம்? டிராக்டர் தடம்கூட இருக்கிறது. இன்னொரு பாதை ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிகிறது. அதில் போகலாமா?

பதில்: முதல் பாதையில் போகக்கூடாது, நடை வேகத்தில் போனாலும் கூடாது. அந்தப் பெயர் நிறைய பேரை ஏமாற்றுகிறது. ரெஸ்ட்ரிக்டட் பைவே என்றால் நடப்பவர், குதிரையில் வருபவர், சைக்கிள், குதிரை வண்டி, இவ்வளவுதான். இன்ஜின் வைத்த வண்டிக்கு அங்கே பொது உரிமை கிடையாது. மீறினால் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் குற்றம். டிராக்டர் தடத்தை நம்பாதீர்கள், விவசாயி தன் நிலத்துக்குப் போக வைத்திருக்கும் தனி உரிமை உங்களுக்கு ஒட்டாது.

உங்கள் ஜிம்னிக்கு ஏற்றது 'பைவே ஓபன் டு ஆல் டிராஃபிக்', பேச்சில் 'போட்'. அதற்குச் சிவப்பு அம்பு, ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைக் கூட்டல் குறிகள் வரிசையாக இருக்கும். இங்கிலாந்தில் பதிவான பொதுப் பாதைகளில் இவை சுமார் 2 சதவீதம்தான், அதனால் கிடைத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பச்சைப் புள்ளி விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். பொதுமக்களுக்கு ஏதோ ஒரு உரிமை உண்டு என்று மட்டும்தான் அந்தப் புள்ளிகள் சொல்கின்றன, என்ன உரிமை என்று சொல்வதில்லை. முன்பெல்லாம் நூறு வருடத்துக்கு முன்னால் மாட்டுவண்டியோ குதிரை வண்டியோ போனதற்குப் பழைய ஆவணம் காட்டினாலே மோட்டாருக்கும் உரிமை கேட்கலாம் என்ற நிலை இருந்தது. 2006இல் வந்த சட்டம் அந்தக் கதவை மூடியது: பதிவில்லாத மோட்டார் உரிமைகள் அந்த ஆண்டு மே 2ஆம் தேதியோடு இங்கிலாந்தில் பெரும்பாலும் ஒழிந்தன. சில விலக்குகள் உண்டு. அதில் முக்கியமானது, டெஃபினிடிவ் மேப்பில், அதாவது பொதுப் பாதைகளைச் சட்டப்படி பதிவுசெய்யும் வரைபடத்தில், இல்லாமல், கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) தன் செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலில் அன்று இருந்த பாதை. பச்சைப் புள்ளிகள் பல இந்த வகைதான். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதே உரிமைக்குச் சான்று ஆகாது, ஏற்கெனவே இருந்த உரிமை சாகாமல் தப்பியது என்பதுதான் கணக்கு. அதனால் கவுன்சிலின் 'ரைட்ஸ் ஆஃப் வே' பிரிவுக்கு வரைபடக் குறியீட்டு எண்ணோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இதில் மோட்டார் வண்டி போகலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வர நாளாகும், வந்ததை அச்செடுத்து வண்டியிலேயே வையுங்கள்.

பாதை சரி என்றான பிறகும் ஒன்று பாக்கி: போக்குவரத்து ஒழுங்குமுறை உத்தரவு, அதாவது உரிமை உள்ள பாதையிலும் வண்டிகளைத் தடுக்கும் உத்தரவு. ஒருமுறை நவம்பரில், விடியற்காலையில் ஃபிளாஸ்கில் காபியோடு தெற்கு இங்கிலாந்தின் பழங்கால நெடும்பாதையான ரிட்ஜ்வே வரை ஓட்டிப்போய் அசடு வழியத் திரும்பியவன் நான். அங்கே சில பகுதிகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மோட்டாருக்குத் தடை, வீட்டிலேயே பார்த்திருக்கலாம். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, உள்ளே காருக்கு மேல் மோட்டார் சைக்கிள் படம் இருந்தால் தடை. 'மோட்டார் வண்டிக்கு ஏற்றதல்ல' என்று வெறும் வாசகம் மட்டும் இருந்தால் அது எச்சரிக்கை, தடையில்லை. ஆனால் மாட்டிக்கொண்டால் இழுக்க வருபவன் சிரிப்பான்.

மண்பாதைதானே என்று எதையும் விடாதீர்கள். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், வரி, எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை, சேறு மறைக்காத நம்பர் பிளேட், எல்லாம் தார்ச் சாலைக்குப் போலவே வேண்டும். கவனமில்லாமல் ஓட்டி அடுத்தவருக்குத் தொல்லை கொடுத்தால் காவல்துறை வண்டியையே எடுத்துக்கொண்டு போகவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்புறம், ஸ்காட்லாந்துக்குப் போகும்போது இதையெல்லாம் அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே போட் என்ற வகையே இல்லை, 2003ஆம் ஆண்டுச் சட்டம் தரும் நடமாடும் உரிமையிலும் மோட்டார் வண்டி சேராது.

எதிரே குதிரை வந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அது உங்களைத் தாண்டி நன்றாகத் தள்ளிப் போன பிறகு சாவியைத் திருப்பினால் போதும்.