கருமருந்து ரிவால்வர்: வெளியில் சுமப்பதும் கெட்டிப்பதும்

கோல்ட் 1851 நேவி, 1860 ஆர்மி, ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ரிவால்வர்கள், மருந்தையும் குண்டையும் சிலிண்டரின் அறைகளில் முன்பக்கமாக இட்டு நிரப்புபவை. இவற்றின் மறுஆக்கங்களோடு அங்கே காடுமேடு சுற்றுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

ஆறு அறை இருக்க, ஐந்தை மட்டும் நிரப்பச் சொல்கிறார்களே?

சுத்தியல் ஒரு கேப்பின் (அறையின் பின்புறம் செருகும், அடித்தால் தீப்பொறி விடும் சிறு மூடி) மேல் படிந்திருந்தால், துப்பாக்கி கைதவறி விழுகிற அடியே அதை வெடிக்கவைக்கும். ரெமிங்டனில் அறைகளுக்கு இடையே சுத்தியல் பதிய வெட்டு உண்டு, அதனால் ஆறையும் நிரப்பலாம். கோல்டில் அதற்குச் சின்ன முளைகள்தான், அவை தேய்ந்துபோகும். கோல்ட் என்றால் ஐந்தோடு நிறுத்தி, காலி அறையின் மேல் சுத்தியலை இறக்கிவையுங்கள். பாதி இழுத்த நிலையில் இடுப்பில் செருகவே செருகாதீர்கள்.

.44 அங்குல ரிவால்வருக்கு மருந்து எவ்வளவு?

மூன்று-எஃப் (நுண்மணி) கருமருந்து 25 முதல் 30 கிரெய்ன், அதாவது சுமார் 2 கிராமுக்குள். துப்பாக்கியின் உடற்சட்டம் பித்தளை என்றால் 20 போதும், மிஞ்சினால் சட்டம் நாளடைவில் நெளியும். தயாரிப்பாளர் சொன்ன உச்சம் இதைவிடக் குறைவென்றால் அதுதான் கணக்கு. புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது, சிலிண்டரே சிதறும்.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது. மருந்தைக் குறைத்தால் மிச்ச இடத்தை ரவையால் நிரப்புங்கள். (உப்புமா ரவைதான், சுடுகிற ரவை அல்ல!)

காட்டில் குப்பியிலிருந்து நேரே ஊற்றலாமா?

கூடாது. இப்போதுதான் சுட்ட அறையில் கங்கு ஒட்டியிருக்கலாம். அது பற்றினால் கையில் இருப்பது குப்பி அல்ல, வெடிகுண்டு. ஒரு சூட்டுக்கு ஒன்றாக அளந்த மருந்தைச் சிறு குழாய்களில் எடுத்துப்போங்கள். போர்க்காலச் சிப்பாய்கள் குண்டும் மருந்தும் சேர்த்துச் சுற்றிய காகிதத் தோட்டாக்களை, ஆறு ஆறாகக் கட்டிய பொட்டலங்களில் வைத்திருந்தார்கள். வெளியில் அதுவே இன்றும் வசதி.

வரிசை: மருந்து, மெழுகுக் கொழுப்பேற்றிய கம்பளி வில்லை, குண்டு. குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் இடித்து இறக்கும்போது குண்டின் விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். விழாவிட்டால் குண்டு சிறிசு; .451 போட்டிருந்தால் .454 பாருங்கள். கேப் எப்போதும் கடைசி, குழல் ஆளில்லாத பக்கம் பார்த்தபடி.

பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிக்கிறதாமே?

தளர்ந்த குண்டைச் சுற்றியோ, தளர்ந்த கேப் வழியாகப் பின்புறத்திலோ நெருப்பு புகுவதால் வருவது. குண்டின் மேல் கொழுப்பு பூசுவது பழைய வழி, ஆனால் வெயிலில் உருகி வழியும். நான் வில்லையைத்தான் சொல்வேன். கேப் நிப்பிளில் (அது செருகும் துளையுள்ள முளை) இறுக்கமாக உட்கார வேண்டும்: 10ஆம் எண்ணா 11ஆம் எண்ணா என்று போட்டுப் பாருங்கள். மரக்குச்சியால் அழுத்துங்கள், சுத்தியலால் அல்ல.

நிரப்பிய சிலிண்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாமா?

ரெமிங்டனில் மாற்றுவது எளிது: சுத்தியலைப் பாதி இழுத்து, நெம்புகோலை இறக்கி, சிலிண்டரின் அச்சை முன்னால் இழுத்தால் சிலிண்டர் பக்கவாட்டில் கழன்று வரும். கோல்டில் ஆப்பைத் தட்டிக் குழலையே கழற்ற வேண்டும். எதுவானாலும் பையில் இருக்கும் சிலிண்டரில் கேப் வேண்டாம். அது கல்லில் விழுந்தால் குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

மழை?

மூடி வைத்த தோல் உறை, இறுக்கமான கேப், அதன் விளிம்பில் கொஞ்சம் தேன்மெழுகு.

சொடுக்கினேன், வெடிக்கவில்லை.

குழலை இலக்கிலேயே பிடித்து முழுதாக ஒரு நிமிடம் பொறுங்கள், தாமதமாகப் பற்றுவது உண்டு. பிறகு புதுக் கேப். கோல்டில் உடைந்த கேப் துணுக்கு சுத்தியலின் பிளவில் விழுந்து அடைக்கும். சுட்டபின் அடுத்ததற்குச் சுத்தியலை இழுக்கும்போது குழலை மேல்நோக்கிச் சாய்த்தால் துணுக்கு வெளியே விழும்.

சுடாமல் திரும்பினால்?

சுடத் தகுந்த இடத்தில், மண்மேட்டில் சுட்டுக் காலிசெய்வதே எளிது. சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போடுங்கள். கருமருந்துக் கசடு ஈரத்தை உறிஞ்சும். அச்சில் கிரீஸ் தடவ மறந்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே சிலிண்டர் இறுகிவிடும்.